கைக்கடிகாரத்தைக் கண்டுபிடித்தது யார்? ஒரே பெயரில் முடியாத பதில்

கேட்ட கேள்வி இதுதான்: கைக்கடிகாரத்தை முதலில் கண்டுபிடித்தது யார், அதற்கு முன்னால் நேரத்தை எதை வைத்து அளந்தார்கள், மலிவான பேட்டரி வாட்ச் துல்லியமாக ஓடும்போது அதைவிடப் பல மடங்கு விலையுள்ள சாவி கொடுக்கிற வாட்ச் ஏன் தினமும் சில நொடி முன்னே பின்னே போகிறது? தனித்தனியாகப் பதில் சொன்னால் பொது அறிவுத் துணுக்குகளாகிவிடும். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே விஷயம், அதைப் பிடித்துக்கொண்டால் மற்றது தானாக வரும்.

எந்தக் கடிகாரமானாலும் உள்ளே ஏதோ ஒன்று சீரான இடைவெளியில் திரும்பத் திரும்ப நடக்க வேண்டும். அது நின்றுபோகாமல் இருக்க ஒரு விசை வேண்டும், எத்தனை முறை நடந்தது என்று எண்ண ஓர் ஏற்பாடும் வேண்டும். விசையும் எண்ணிக்கையும் பெரிய பாடு இல்லை, ஒரு எடையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டால் விசை கிடைத்துவிடும், பல்சக்கரங்கள் எண்ணிவிடும். சீராகத் துடிக்கிற அந்த ஒன்று கிடைப்பதுதான் கஷ்டம். கடிகார வரலாறு என்று நாம் படிப்பதில் முக்கால்வாசி அதைத் தேடிய கதைதான்.

ஆரம்பத்தில் துடிப்பு என்று எதுவும் கிடையாது. நிழல் நகர்வதைப் பார்த்தார்கள், தண்ணீர் ஒழுகுவதைப் பார்த்தார்கள். எகிப்தில் கி.மு. 1500 வாக்கிலேயே நிழற்கடிகாரம் இருந்தது. இரவில் நிழல் ஏது, அதனால் நீர்க்கடிகாரம். கர்னாக் கோயிலில் கிடைத்த ஒரு நீர்க்கடிகாரம் மூன்றாம் அமென்ஹோதெப் காலத்தது, அதாவது கி.மு. 14ஆம் நூற்றாண்டு. பார்த்தால் வெறும் கல் பாத்திரம், அடியில் சின்னத் துளை. ஆனால் பக்கச் சுவர்கள் செங்குத்தாக இல்லை, மேலே அகன்று கீழே குறுகும். காரணம், தண்ணீர் மட்டம் இறங்க இறங்க அழுத்தம் குறைந்து ஒழுகுவதும் மெதுவாகும். கீழே பாத்திரம் குறுகலாக இருந்தால் அந்தக் குறைந்த ஒழுக்கிலும் மட்டம் ஏறக்குறைய அதே வேகத்தில் இறங்கும். உள்பக்கம் பன்னிரண்டு வரிசை அடையாளங்கள், மாதத்துக்கு ஒரு வரிசை. இரவு எவ்வளவு நீளமானாலும் அதைப் பன்னிரண்டாகப் பிரிப்பது அவர்கள் வழக்கம், ஆகவே மாதத்துக்கு மாதம் 'ஒரு மணி'யின் நீளமே மாறும். எல்லா மணியும் சம நீளம் என்ற பழக்கம் இயந்திரக் கடிகாரம் வந்த பிறகு பரவியது, அதற்கு முன் அது வானியல் கணக்குப் போடுகிறவர்களோடு நின்றிருந்தது.

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் க்டெசிபியஸ் இதையே வேறு விதமாகச் சரி செய்தார். மேல் தொட்டி எப்போதும் நிரம்பி வழிந்துகொண்டே இருந்தால் அழுத்தம் மாறாது, கீழே சேரும் தண்ணீர் ஒரு மிதவையைத் தூக்கும், மிதவை ஒரு காட்டியை நகர்த்தும். சீனாவில் சூ சொங் 11ஆம் நூற்றாண்டின் கடைசியில் கைஃபெங் நகரில் கட்டிய வானியல் கடிகாரக் கோபுரம் இதைவிடப் பெரிய சாதனை. ஒரு பெரிய சக்கரத்தின் கிண்ணங்களில் தண்ணீர் ஒவ்வொன்றாக நிரம்பும், நிரம்பியதும் பூட்டு விலகி சக்கரம் ஒரு படி நகரும், அடுத்த கிண்ணத்துக்காக மறுபடி பூட்டிக்கொள்ளும். தொடர்ச்சியான ஓட்டத்தைத் துண்டு துண்டாக வெட்டி எண்ணுகிற இந்த யோசனைதான் பின்னால் எல்லாக் கடிகாரத்துக்கும் உயிர். மணல் கடிகாரத்தை மட்டும் இந்தப் பழைய வரிசையில் சேர்க்காதீர்கள், அது தோன்றுகிற அளவுக்குப் பழையது இல்லை. ஐரோப்பாவில் அதற்கு உறுதியான சான்று 14ஆம் நூற்றாண்டில்தான் கிடைக்கிறது, கிட்டத்தட்ட இயந்திரக் கடிகாரத்தின் வயது.

அந்த இயந்திரக் கடிகாரம் 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பாவில் வருகிறது. செய்தவர் பெயர் யாருக்கும் தெரியாது. தொங்கும் எடை ஒரு பல்சக்கரத்தைச் சுற்றப் பார்க்கும், நிமிர்ந்து நிற்கும் ஒரு தண்டில் இருக்கும் இரண்டு தகடுகள் மாறி மாறிக் குறுக்கே வந்து பற்களைத் தடுக்கும். தண்டின் மேலே குறுக்காக ஒரு சட்டம், இரு முனையிலும் சின்ன எடைகள். பல் ஒரு தகட்டைத் தள்ளியதும் சட்டம் ஒரு பக்கம் சுழலும், உடனே மறு தகடு வந்து மாட்டும், சட்டம் திரும்பிச் சுழலும். டிக், டிக். சால்ஸ்பரி தேவாலயத்தில் 1386 வாக்கைச் சேர்ந்ததாகக் கருதப்படும் இந்த வகைக் கடிகாரம் இன்றும் இருக்கிறது, அதற்கு முகப்பும் கிடையாது, முள்ளும் கிடையாது, மணி அடிப்பது மட்டும்தான் வேலை. முள் இருந்த கடிகாரங்களிலும் மணி முள் ஒன்றுதான். நிமிட முள் வைத்துப் பிரயோஜனம் இல்லை, ஏனென்றால் ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் பிசகுவது சாதாரணம்.

ஏன் அவ்வளவு பிசகு? இந்தக் குறுக்குச் சட்டத்துக்குச் சொந்தத் துடிப்பு என்று ஒன்று இல்லை. தள்ளினால் போகும், எதிர்த்துத் தள்ளினால் திரும்பும், அவ்வளவுதான். விசை கூடினால் வேகம் கூடும், குளிரில் எண்ணெய் கெட்டியானால் வேகம் குறையும். ஊஞ்சல் அப்படி இல்லை, லேசாகத் தள்ளினாலும் கொஞ்சம் பலமாகத் தள்ளினாலும் போய்த் திரும்புவதற்கு ஏறக்குறைய அதே நேரம்தான் எடுக்கும். கடிகாரத்துக்குள் வைக்க வேண்டியது அந்த மாதிரி ஒரு பொருளைத்தான்.

இங்கேதான் கலிலியோ வருகிறார். பீசா தேவாலயத்தில் தொங்கிய விளக்கு ஆடுவதைப் பார்த்து நாடித் துடிப்பை வைத்து அளந்தார் என்ற கதையை அப்படியே நம்ப வேண்டாம், அது அவர் வரலாற்றை எழுதிய சீடர் மூலம் வந்தது. ஊசலைப் பற்றி அவர் ஆழமாக ஆராய்ந்தது உண்மை, கண் பார்வை போன பிறகு கடைசிக் காலத்தில் ஊசல் கடிகாரத்துக்கு ஒரு அமைப்பையும் சொன்னார், ஆனால் கடிகாரமாக முடியவில்லை. முடித்தவர் டச்சு விஞ்ஞானி கிறிஸ்டியான் ஹைகன்ஸ், 1656இல். நாளுக்குக் கால் மணி நேரம் என்றிருந்த பிசகு சில ஆண்டுகளில் கால் நிமிடத்துக்கு வந்துவிட்டது. கடிகார வரலாற்றில் ஒரே தாவலில் இவ்வளவு தூரம் வந்த இடங்கள் குறைவு, என்னைக் கேட்டால் இன்றைய பேட்டரி வாட்ச்சுக்குள் துடிக்கும் குவார்ட்ஸ் படிகத்துக்குச் சமமான திருப்பம் இது, ஆனால் பேசுகிறவர்கள் குறைவு.

ஊசல் நன்றாக ஓட ஆரம்பித்ததும் அதுவரை யார் கண்ணிலும் படாத விஷயங்கள் வெளியே வந்தன. 1672இல் ஜான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர் பாரிஸில் சரியாக ஓடிய கடிகாரத்தை நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கயேனுக்குக் கொண்டுபோனார், அங்கே அது நாளுக்குச் சுமார் இரண்டரை நிமிடம் மெதுவாகப் போனது. ஊசலைக் கொஞ்சம் குட்டையாக்கியதும் சரியானது. கடிகாரம் கெடவில்லை, அங்கே புவியீர்ப்பே கொஞ்சம் குறைவு. பூமி துருவத்தில் சற்றுத் தட்டையாக, நடுவில் சற்றுப் பருத்து இருக்கிறது என்று நியூட்டன் வாதாடியபோது இந்த அளவீடு கைகொடுத்தது. அப்புறம் வெப்பம்: எஃகுத் தண்டில் தொங்கும் ஊசல், ஒரு டிகிரி சூடு ஏறினால் நாளுக்கு அரை நொடி மெதுவாகும். பாதரசக் குப்பி, இரண்டு உலோகக் கம்பிகள் என்று இதற்கு வைத்தியம் பார்த்தே ஒரு நூற்றாண்டு போனது.

ஆனால் ஊசலைச் சட்டைப்பையில் வைக்க முடியாது, கப்பலிலும் வைக்க முடியாது. கைக்கு வரப்போகிற கடிகாரத்தின் வம்சம் வேறு. 15ஆம் நூற்றாண்டிலேயே எடைக்குப் பதிலாகச் சுருட்டிய ஸ்பிரிங்கை விசைக்கு வைத்துவிட்டார்கள். நியூரம்பர்க்கின் பீட்டர் ஹென்லைன் 16ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் எடுத்துப்போகக்கூடிய சின்னக் கடிகாரங்கள் செய்தார், அதனால் அவர்தான் வாட்சைக் கண்டுபிடித்தவர் என்று பல இடத்தில் எழுதுகிறார்கள். அந்த வகைக் கடிகாரம் செய்தவர்களில் அவரும் ஒருவர் என்பதே சரி. அவையெல்லாம் சங்கிலியில் தொங்கவிட்டுக் காட்டிக்கொள்ளும் நகைகள், நேரம் பார்க்க நம்பினால் ஏமாற வேண்டியதுதான். அதை மாற்றியது 1675இல் ஹைகன்ஸ் போட்ட இன்னொரு வெடி: பேலன்ஸ் வீல் என்கிற சின்ன வளையச் சக்கரத்தோடு முடி மாதிரி மெல்லிய சுருள் ஸ்பிரிங்கை இணைத்தது. ஊசலுக்குப் புவியீர்ப்பு செய்கிற வேலையை இந்த ஹேர்ஸ்பிரிங் செய்யும், எந்தப் பக்கம் சுழன்றாலும் நடுவுக்கு இழுத்து வரும். யோசனை எனக்குத்தான் முதலில் வந்தது என்று ஆங்கிலேய விஞ்ஞானி ராபர்ட் ஹூக் சண்டைக்கு வந்தார், அந்தச் சண்டை கடைசிவரை தீரவில்லை. இதற்குப் பிறகுதான் பாக்கெட் வாட்ச்சில் நிமிட முள் சாதாரணமாகிறது.

அடுத்தது கடல். இதில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், துல்லியம் எதற்கு என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் இல்லை. பூமி 24 மணி நேரத்தில் 360 டிகிரி சுற்றுகிறது, அதாவது 4 நிமிடத்துக்கு ஒரு டிகிரி. நடுக்கடலில் உச்சி வேளையை வைத்து உள்ளூர் நேரம் கண்டுபிடித்துவிடலாம், கிளம்பிய துறைமுகத்தில் அதே நொடியில் மணி என்ன என்று தெரிந்தால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே தீர்க்கரேகை. நிலநடுக்கோட்டில் 4 நொடிப் பிசகு என்றால் ஒரு கடல் மைல் தவறு. 1707இல் பிரிட்டிஷ் கப்பல்கள் தாங்கள் இருக்கும் இடம் தெரியாமல் சில்லித் தீவுப் பாறைகளில் மோதிப் பெரும் உயிர்ச்சேதம் ஆனது. 1714இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது: மேற்கிந்தியத் தீவு வரை போய் அரை டிகிரிக்குள் தீர்க்கரேகையைச் சொல்லும் வழிக்கு 20,000 பவுண்டு.

ஜான் ஹாரிசன் தச்சர், கடிகாரக் கலையைத் தானே கற்றவர். மூன்று பெரிய கடிகாரங்களைச் செய்தார், மூன்றாவதுக்கு மட்டும் 19 ஆண்டு. பிறகு அந்தப் பாதையையே விட்டுவிட்டு நான்காவதாக 13 சென்டிமீட்டர் அகலத்தில், பெரிய பாக்கெட் வாட்ச் மாதிரி ஒன்றைச் செய்தார். நொடிக்கு ஐந்து துடிப்பு. பெரிய, மெதுவாக ஆடும் பேலன்ஸை அலை எளிதில் கலைக்கும், சின்னதாக வேகமாகத் துடிப்பதை அவ்வளவு எளிதில் கலைக்க முடியாது. அவருடைய மகன் 1761இன் கடைசியில் அதை ஜமைக்காவுக்குக் கொண்டுபோனார், 81 நாளில் 5 நொடிதான் பிசகு. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தினமும் இத்தனை நொடி மெதுவாகும் என்ற அதன் வழக்கமான போக்கைக் கழித்த பிறகு வரும் கணக்கு அது. கடிகாரக்காரர்களுக்கு இது ஏமாற்று வேலை இல்லை: ஒவ்வொரு நாளும் ஒரே அளவு தவறும் கடிகாரத்தை நம்பலாம், ஒரு நாள் சரியாகவும் மறுநாள் இஷ்டத்துக்கும் ஓடுவதைத்தான் நம்ப முடியாது. பரிசுக் குழு மறு சோதனை, பிரதி, விளக்கம் என்று இழுத்தடித்தது, மூன்றாம் ஜார்ஜ் மன்னர் தலையிட்ட பிறகு 1773இல்தான் நாடாளுமன்றம் மீதிப் பணத்தைக் கொடுத்தது. அப்போது ஹாரிசனுக்கு 80 வயது.

இன்றைய சாவி வாட்ச்சின் இதயமான லீவர் எஸ்கேப்மென்ட்டை, அதாவது பல்சக்கரத்தை ஒவ்வொரு பல்லாக விடும் அமைப்பை, 1750களில் ஆங்கிலேயக் கடிகாரக்காரர் தாமஸ் மட்ஜ் உருவாக்கினார். பின்பக்கம் கண்ணாடி வைத்த வாட்ச் கிடைத்தால் உற்றுப் பாருங்கள். பேலன்ஸ் வீல் இடமும் வலமும் சுழல, ஹேர்ஸ்பிரிங் விரிந்து சுருங்கும். ஒவ்வொரு முறை நடுப்புள்ளியைக் கடக்கும்போதும் அதன் அடியில் இருக்கும் சின்ன மாணிக்கக் கல் ஒரு கவையைத் தட்டிவிடும், கவையின் மறுமுனையில் இரண்டு மாணிக்கத் தகடுகள், அதில் ஒன்று விலகி பல்சக்கரத்தின் ஒரு பல்லை விடும். அந்தப் பல் விலகுகிற போக்கில் கவையைத் தள்ளி பேலன்ஸுக்குக் கொஞ்சம் விசை கொடுத்துவிட்டுப் போகும், உடனே மற்றத் தகடு அடுத்த பல்லைப் பிடிக்கும். மீதி நேரமெல்லாம் பேலன்ஸைத் தொட ஆளில்லை, அது சுதந்திரமாகச் சுழலும். மட்ஜின் சாமர்த்தியம் அதுதான், தொடுகிற நேரம் எவ்வளவு குறைவோ அவ்வளவு துல்லியம். இப்போது வரும் பல வாட்ச்சுகளில் இது நொடிக்கு எட்டு முறை நடக்கிறது, நாளுக்கு 6,91,200 தடவை, பல ஆண்டுகளுக்கு. மாணிக்கம் அழகுக்காக இல்லை, தேயாமல் இருப்பதற்காக. செயற்கை மாணிக்கம்தான், விலை ஒன்றும் பெரிதில்லை, ஆகவே 'இத்தனை ஜுவல்' என்று அதிகப்படியாக விளம்பரம் செய்தால் மயங்க வேண்டாம்.

சரி, கைக்கு எப்போது வந்தது? ராபர்ட் டட்லி என்ற பிரபு 1571இல் இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத் ராணிக்குக் கையில் அணியும் கடிகாரம் ஒன்றைப் பரிசளித்தார். பாரிஸ் கடிகாரக்காரர் பிரெகே 1810இல் நேப்பிள்ஸ் ராணி கரோலின் முராவுக்காக ஒன்று செய்ய ஆரம்பித்து 1812இல் கொடுத்தார். சுவிஸ் நிறுவனம் படேக் ஃபிலிப் 1868இல் ஒரு ஹங்கேரியச் சீமாட்டிக்குச் செய்தது. பிரெஞ்சு நகை நிறுவனம் கார்ட்டியே 1904இல் விமானி சாந்தோஸ் துமோனுக்குச் செய்தது, பறக்கும்போது பையிலிருந்து வாட்ச்சை எடுக்க முடியவில்லை என்று அவர் சொன்னதற்காக. இதில் யாரை 'முதல்' என்பது, எதைக் கைக்கடிகாரம் என்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆனால் இவர்கள் யாராலும் உலகம் வாட்ச்சைக் கையில் கட்டவில்லை. 19ஆம் நூற்றாண்டு முழுக்கக் கைக்கடிகாரம் பெண்களின் நகை, ஆண் கட்டினால் சிரிப்பார்கள்.

மாற்றியது போர். தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரிலேயே சில அதிகாரிகள் பாக்கெட் வாட்ச்சைத் தோல் உறையில் போட்டு மணிக்கட்டில் கட்டினார்கள். முதல் உலகப்போரில் அது கட்டாயத் தேவையாகிவிட்டது. பீரங்கிக் குண்டு விழும் கோடு குறித்த நிமிடத்தில் முன்னே நகரும், காலாட்படை அதன் பின்னாலேயே போக வேண்டும், ஒரு நிமிடம் முந்தினால் சொந்தக் குண்டுக்கே இரையாக வேண்டியதுதான். கையில் துப்பாக்கியோடு கோட்டுக்குள் கையைவிட்டு வாட்ச் தேட முடியுமா? போர் முடிந்து வீடு திரும்பியவர்கள் கையில் கட்டியதைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. 1930 வாக்கில் பாக்கெட் வாட்ச் பின்தங்கிவிட்டது.

அந்தக் காலத்து இருட்டில் ஒளிரும் டயலுக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பக்கம் உண்டு. ரேடியம் கலந்த வண்ணத்தை எண்களில் பூசியது அமெரிக்கத் தொழிற்சாலைகளின் இளம்பெண்கள், தூரிகை முனையைக் கூராக்க உதட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். தாடை எலும்பு அழுகிப் பலர் இறந்தார்கள், 1920களில் நியூ ஜெர்சியில் அவர்கள் தொடுத்த வழக்கு தொழிலாளர் பாதுகாப்பில் ஒரு முக்கியமான திருப்பம். பழைய ரேடியம் வாட்ச் இன்று ஒளிராவிட்டாலும் ரேடியம் அப்படியே இருக்கும், அதன் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டு, செத்துப்போனது ஒளிரும் பொருள் மட்டும்தான். ஆகவே ஆர்வத்தில் பின்மூடியைத் திறந்து டயலைச் சுரண்டிப் பார்க்க வேண்டாம்.

இப்போது குவார்ட்ஸ். சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் வரும் என்று 1880இல் ழாக், பியேர் க்யூரி சகோதரர்கள் கண்டார்கள், மின்சாரம் கொடுத்தால் படிகம் அதிரும் என்பது அதன் மறுபக்கம். 1927இல் பெல் ஆய்வகத்தில் வாரன் மாரிசனும் அவருடைய சகாவும் முதல் குவார்ட்ஸ் கடிகாரத்தைச் செய்தார்கள், அது அறையளவு சாதனம். அது கைக்கு வர 1969 டிசம்பர் 25 ஆனது, அன்று ஜப்பானிய நிறுவனமான சீக்கோவின் 'ஆஸ்ட்ரான்' கடைக்கு வந்தது, விலை 4,50,000 யென், மாதத்துக்கு 5 நொடிக்குள் பிசகு. சுவிஸ்காரர்கள் தூங்கிவிட்டார்கள் என்று சொல்வது வழக்கம். அது முழு உண்மை இல்லை, நியூஷாட்டல் என்ற சுவிஸ் நகரில் அவர்கள் 1967இலேயே குவார்ட்ஸ் கைக்கடிகார மாதிரியை ஓட்டிக் காட்டியிருந்தார்கள். தெரியாமல் இல்லை, நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகளாகச் சிதறிக் கிடந்த தொழில் அவ்வளவு சீக்கிரம் திரும்பவில்லை. 1970இல் சுமார் 90,000 பேர் வேலை பார்த்த சுவிஸ் கடிகாரத் தொழிலில் 1980களின் நடுவில் 30,000 சொச்சம் பேர்தான் மிஞ்சினார்கள். 1983இல் வந்த ஸ்வாட்ச், வெறும் 51 பாகங்களோடு, பிளாஸ்டிக் உறையில், குவார்ட்ஸை வைத்தே அவர்களைக் கைதூக்கிவிட்டது.

இன்று ஏறக்குறைய எல்லா பேட்டரி வாட்ச்சிலும் இருக்கும் படிகம் சில மில்லிமீட்டர் நீளத்தில் இரண்டு கிளையுள்ள ஒரு துண்டு, நொடிக்கு 32,768 முறை அதிரும். எண் விசித்திரமாகத் தோன்றும், ஆனால் அதைப் பதினைந்து முறை பாதியாக்கினால் மிகச் சரியாக ஒன்று வரும், ஒன்று என்றால் நொடிக்கு ஒரு துடிப்பு, முள் ஒரு படி நகரும். 25 டிகிரி வாக்கில் அது மிகச் சீராக இருக்கும்படி படிகத்தை வெட்டுகிறார்கள், அதைவிடக் குளிர்ந்தாலும் சூடானாலும் கொஞ்சம் மெதுவாகும். கையிலேயே கட்டியிருந்தால் வெப்பம் பெரிதாக மாறாது, அலமாரியில் கிடக்கும் வாட்ச்சைவிட அது ஒரு படி நல்லது.

மூன்றாவது கேள்விக்குப் பதில் இப்போது எளிது. சாவி வாட்ச்சில் நொடிக்கு எட்டு முறை ஒரு பாகத்தை இன்னொரு பாகம் தட்டுகிறது, எண்ணெய், ஈர்ப்பு, வெப்பம், நீங்கள் கையை வீசுவது எல்லாம் அதைத் தொடும். படுக்க வைத்தால் ஒரு வேகம், நிமிர்த்தி வைத்தால் வேறு வேகம். படிகத்தை இவை எதுவும் கிட்டத்தட்டத் தொடுவதில்லை. துல்லியத்தைச் சோதித்துக் கொடுக்கும் சுவிஸ் குரோனோமீட்டர் சான்றிதழ் வாங்கிய நல்ல மெக்கானிக்கல் வாட்ச்சுக்கே நாளுக்குச் சராசரியாக 4 நொடி பின், 6 நொடி முன் வரை அனுமதி, சாதாரண குவார்ட்ஸ் மாதம் முழுக்கச் சேர்த்து 15 நொடி வாக்கில்தான் பிசகும். அதே சமயம் இதைக் குறைவாக எடைபோட வேண்டாம், ஒரு நாளின் 86,400 நொடியில் 5 நொடி தவறு என்றால் 99.994 சதவீதம் சரி, வெறும் ஸ்பிரிங்கையும் சக்கரத்தையும் வைத்துக்கொண்டு. கொடுக்கிற விலை நேரத்துக்கு இல்லை, அந்த வேலைப்பாட்டுக்கு. நேரம் மட்டும் வேண்டுமென்றால் குவார்ட்ஸ் வாங்குங்கள், அதையும் தாண்டி வேண்டுமென்றால் கைபேசியைப் பாருங்கள், அதற்கு நேரம் வருவதே அணுக் கடிகாரங்களில் இருந்துதான். 1967 முதல் ஒரு நொடி என்பது சீசியம் அணுவின் கதிர்வீச்சு 9,19,26,31,770 முறை அலைவதற்கு ஆகும் நேரம், பூமியின் சுழற்சிக்கு அந்த வேலை போய்விட்டது.

கடைசியாக ஒன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சாவி வாட்ச் அல்லது ஆட்டோமேட்டிக் (கை அசைவிலேயே சாவி ஏறும் வாட்ச்) வைத்திருந்தால் தேவைப்படும். நன்றாக ஓடிய வாட்ச் திடீரென்று நாளுக்குப் பல நிமிடம் வேகமாக ஓட ஆரம்பித்தால் பழுது என்று பயந்து முழுசாகப் பிரிக்கக் கொடுத்துவிடாதீர்கள். பெரும்பாலும் காந்தம்தான் காரணம்: ஸ்பீக்கர், டேப்லெட் உறை, கைப்பையின் காந்தப் பூட்டு. ஹேர்ஸ்பிரிங்கின் சுற்றுகள் காந்தமேறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், ஸ்பிரிங் குட்டையானது போல் ஆகி பேலன்ஸ் வேகமாகத் துடிக்கும். முதலில் காந்தம் நீக்கித் தரச் சொல்லுங்கள், அதற்கென்று இருக்கும் சின்னக் கருவியில் சில நொடி வேலை. அதன் பிறகும் சரியாகாவிட்டால் பிரித்துப் பார்க்கச் சொல்லலாம்.